நின்றபடி குடிக்கும் ஊர்

நமது சிறுபத்திரிகைச் சூழலில் குடியைப் பற்றி இரண்டே குரல்கள்தாம் ஒலிக்கின்றன. ஒன்று, குடியைப் படைப்பூக்கத்தின் ஊற்றாகக் கொண்டாடுவது. மற்றொன்று, குடிப்பவனைக் கண்ட மாத்திரத்தில் உபதேசம் தொடங்குவது. குடிக்க வருகிறவன் எங்கே உட்காருகிறான், எதைத் தின்கிறான், எங்கே சிறுநீர் கழிக்கிறான் என்று கேட்பாரில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் நல்ல மதுக்கூடம் ஒன்றுக்கு வேண்டிய பத்து அம்சங்களை அடுக்கி ஒரு கட்டுரை எழுதினார். அப்படியோர் இடம் இல்லையென்று அதிலேயே ஒப்புக்கொள்ளவும் செய்தார். குடியைப் பற்றி இவ்வளவு பேசும் நம்மவர்கள் ஒரு நாற்காலியைப் பற்றியாவது எழுதியிருக்கலாம்.

அதியமானை இழந்த ஔவையார், அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட பாங்கிலிருந்தே தம் கையறுநிலையைத் தொடங்குகிறார் என்பதைப் புறநானூறு படித்தவர்கள் அறிவார்கள். அங்கே குடி என்பது கூடியிருத்தல். இன்றைய தாலுகா ஊர்களில் டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்களில் பெரும்பாலானவை தகரக் கூரையும் ஈரத்தரையும் கொண்டவை. வேலை முடிந்து வரும் கொத்தனார் குவாட்டரைத் திறந்து, நின்றவாக்கில் தண்ணீர் கலந்து, இரண்டு மடக்கில் இறக்கிவிட்டு வெளியேறுகிறார். பேச்சில்லை, பகிர்தலில்லை. மருந்து குடிப்பதுபோல் ஒரு குடி.

இது ஓர் ஏற்பாட்டின் விளைவு. 1983இல் மொத்த விற்பனைக்கென்று தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. மது அரசுடையது, பார் மட்டும் டெண்டர் எடுத்தவருடையது. அவர் சட்டப்படி மது விற்க முடியாது. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டில் பொறுக்கலாம். 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்த பத்து ரூபாய்த் திட்டம் அந்தக் காலி பாட்டிலையும் கடைக்கே திருப்பியனுப்புகிறது. (காடுகளுக்கும் யானைகளின் பாதங்களுக்கும் அது நல்லதே.) மாதக் கட்டணத்தை மட்டும் அவர் தவறாமல் கட்டியாக வேண்டும்.

ஆகவே, சிற்றூரில் பார் எடுக்க நினைக்கும் நண்பரிடம் நாங்கள் முதலில் சொல்ல விரும்புவது கணக்கைப் பற்றித்தான். பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள் ஆம்லெட்டும் சுண்டலும் விற்று அந்தக் கட்டணத்தை ஈட்ட முடியாதென்றால் டெண்டரில் கையெழுத்திடாதீர்கள். எஞ்சும் பள்ளத்தை விடியற்காலை ஆறு மணிக்குப் பின்வாசல்தான் நிரப்பும். பின்வாசலில் கூடுதல் விலைக்குக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவன் சாரத்தில் ஏறுகிறவன் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது கழிப்பறை. சுவருக்கு வண்ணம் பூசுமுன் அதைக் கட்டுங்கள். அது இல்லாத பார், தெருவின் மதில்களையெல்லாம் கழிப்பறையாக்கிவிடுகிறது. அந்தத் தெருவில்தான் பள்ளி விட்டுப் பெண்பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017இல் நெடுஞ்சாலைகளை விட்டு அகற்றப்பட்ட கடைகள் குடியிருப்புகளை நோக்கி நகர்ந்தபோது, ஊர் ஊராகப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்களை ஒழுக்கவாதிகள் என்று எள்ளிய இலக்கிய நண்பர்கள் அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள் அல்லர்.

தண்ணீரை இலவசமாக வையுங்கள். முதுகு சாயும்படி நாற்காலி போடுங்கள். அவித்த முட்டை, இட்லி, கொண்டைக்கடலை என்று வயிற்றில் தங்கும் உணவு கொடுங்கள். உணவோடு குடித்தால் மது இரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். தாகத்தைக் கூட்டவென்றே உப்பள்ளிப் போட்ட ஊறுகாயை விற்பது வியாபாரமல்ல, தந்திரம்.

வாசலில் நிற்கும் இருசக்கர வாகனங்களே எங்களை மிகவும் அச்சுறுத்துகின்றன. சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். 42.8 சதவீத மதுவில் 90 மில்லி, அதாவது ஒரு கட்டிங், நடுத்தர உடல்வாகுள்ள ஒருவரை அந்த எல்லைக்கு மேலே கொண்டுபோய்விடும். சாவியை வாங்கி வைக்க ஓர் ஆள், நம்பகமான இரண்டு ஆட்டோக்காரர்கள். இதற்கு ஆகும் செலவையும் அந்த முதல் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் குடியை வளர்க்காதா என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் ஒரு கேள்வி உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பலர் அன்றாடக் கூலிகள். அவர்கள் அருந்தியது பாக்கெட்டில் வந்த சாராயம். நல்ல நாற்காலியா அவர்களைக் கெடுத்தது?

ஏற்கெனவே தள்ளாடுகிறவருக்கு அடுத்த தம்ளரை மறுக்கும் துணிவு உங்களிடம் இருக்க வேண்டும். அவர் ஏசுவார். மறுநாள் மாலை அவரே வருவார். அப்போது முதலில் ஒரு தட்டு இட்லியை அவர் முன்னால் வையுங்கள்.