ஊட்டிக் குளிருக்கு ‘பட்ஜெட் விஸ்கி’: பாட்டிலுக்குள் இருப்பது விஸ்கிதானா?

நாலு பேர் சேர்ந்து ஊட்டியில் ரூம் போட்டாலே வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கேள்விகள் வந்துவிடும். இ-பாஸ் எடுத்தாச்சா? அங்க போய் என்ன வாங்குறது? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் நீலகிரியில் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. இரண்டாவது கேள்விதான் சிக்கல். ‘கம்மி விலையில் குடிக்கிற மாதிரி ஒரு விஸ்கி’ என்று கேட்டால், டாஸ்மாக் விலைப்பட்டியல் விலையை மட்டும்தான் சொல்லும். அந்த விலையில் எவ்வளவு வரி, எவ்வளவு சரக்கு, அந்தச் சரக்கு எதிலிருந்து வந்தது என்று சொல்லாது.

அதைச் சொல்வது லேபிளில் இருக்கும் பொடி எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

கரும்புச் சக்கையிலிருந்து விஸ்கியா?

சக்கையிலிருந்து இல்லை, மொலாசஸிலிருந்து. சர்க்கரை ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கருப்பு நிறக் கழிவுப் பாகு அது. அதைப் புளிக்கவைத்து, கிட்டத்தட்ட 96 சதவீதம் ஆல்கஹால் வரும்வரை வடித்தால், வாசனையோ ருசியோ பெரிதாக இல்லாத ஒரு திரவம் கிடைக்கும். அதன் பெயர் எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால், சுருக்கமாக இஎன்ஏ. அதில் தண்ணீர், கேரமல் நிறம், கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட் அல்லது ஃபிளேவர் சேர்த்தால் இந்தியாவில் அதை ‘விஸ்கி’ என்று விற்கலாம்.

இது ஏமாற்று வேலை இல்லை, சட்டமே அனுமதிக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018இல் கொண்டுவந்த மதுபான விதிமுறைகள், விஸ்கி தயாரிக்கும் மூலப்பொருள்களில் தானியங்களோடு மொலாசஸையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியத்திலிருந்து வராததை விஸ்கி என்று விற்க முடியாது. உலகிலேயே அதிகம் விற்கும் விஸ்கிப் பட்டியலில் இந்திய பிராண்டுகள் முன்வரிசையில் நிற்பதையும், அவற்றில் பலவற்றை ஐரோப்பியக் கடைகளில் அந்தப் பெயரில் பார்க்க முடியாததையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

லேபிளில் ‘கிரெய்ன் நியூட்ரல் ஸ்பிரிட்’ என்று இருந்தால்? மொலாசஸுக்குப் பதில் அரிசியோ மக்காச்சோளமோ போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதையும் 96 சதவீதத்துக்கு வடித்துவிட்டால் தானியத்தின் குணம் பெரும்பாலும் போய்விடும். அது மரப் பீப்பாயில் ஊறியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே ‘கிரெய்ன்’ என்ற ஒரு வார்த்தையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஸ்காட்ச் என்றால் வேறு கதை. ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பர்பன் இன்னும் கறார். அமெரிக்காவில்தான் தயாரிக்க வேண்டும், தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். ‘ஸ்ட்ரெய்ட் பர்பன்’ என்று போட்டிருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில் இருந்தது, நிறமோ ஃபிளேவரோ சேர்க்காதது என்று பொருள். ஸ்காட்சில்கூட கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு. அதனால் கலரைப் பார்த்து ‘நல்லா ஊறின சரக்கு’ என்று சொல்கிறவரை நம்பிப் பயனில்லை.

140 ரூபாய் குவார்ட்டரும் விலை கூடிய குவார்ட்டரும்

டாஸ்மாக் மதுவை சாதாரணம், நடுத்தரம், உயர்ரகம் என மூன்றாகப் பிரித்து விற்கிறது. 2024 பிப்ரவரி விலை உயர்வில் சாதாரண ரகக் குவார்ட்டர் 130 ரூபாயிலிருந்து 140 ரூபாய் ஆனது. மூன்று ரகங்களிலும் இந்திய விஸ்கியின் ஆல்கஹால் அளவு பொதுவாக ஒன்றுதான், 42.8 சதவீதம். அதாவது 180 மில்லி குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி. 5 சதவீத பீர் ஒரு பெரிய பாட்டிலில் (650 மில்லி) இருப்பது 32.5 மில்லி. ஒரு குவார்ட்டர் என்பது இரண்டு பெரிய பீருக்கும் கொஞ்சம் மேலே. விலை கூடினால் போதை கூடாது. கூடுவதாகத் தோன்றினால் அது மனசு.

அப்போ கூடுதல் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி அரசுக்கு. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்குள் வராது. ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் மாநில அரசின் கையில். 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில்தான். இறக்குமதிச் சரக்கு என்றால் இதற்கு முன்பே மத்திய அரசின் சுங்க வரி விழுந்திருக்கும்.

பர்பன் வரி குறைந்ததே, விலை ஏன் குறையலை?

2025 பிப்ரவரியில் பர்பனுக்கான சுங்க வரியை மத்திய அரசு 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. ‘இனிமே பர்பன் மலிவு’ என்று ரீல்ஸ் பறந்தன. கணக்குக்காக, துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ஒரு பாட்டிலின் மதிப்பு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரியில் அது 1,250 ரூபாயாகும், புதிய வரியில் 1,000 ரூபாய். மிச்சம் 250. ஆனால் மாநில வரிகள், இறக்குமதியாளர் லாபம் எல்லாம் இதற்குப் பிறகுதான் ஏறுகின்றன. நிறுவனம் விலையைக் குறைத்து, கடையின் விலைப்பட்டியலும் மாறினால்தான் அந்த 250 வாங்குகிறவர் கைக்கு வரும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தத்துக்கும் இதே கதிதான். ஸ்காட்ச் வரி 150இலிருந்து முதலில் 75 சதவீதமாகவும் பத்தாவது ஆண்டில் 40 சதவீதமாகவும் இறங்கும் என்கிறது அது. நல்ல செய்திதான், ஆனால் இந்த லீவுக்கு உதவாது.

ஆகவே அமெரிக்காவில் பட்ஜெட் சரக்காக விற்கும் ஜிம் பீம் இங்கே உயர்ரக விலையில் நிற்கிறது. அதுவும் எலைட் கடையில், ஸ்டாக் இருந்தால். குன்னூரிலோ கோத்தகிரியிலோ பர்பன் தேடி அலைவது நேர விரயமாக முடியலாம்.

சரி, எதைத்தான் வாங்குறது?

கொடுக்கும் காசுக்கு நியாயமான பதில், ‘பாட்டில்டு இன் இந்தியா’ ஸ்காட்ச். டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ், வாட் 69, பிளாக் அண்ட் ஒயிட் போன்றவை இந்த வகை. ஸ்காட்லாந்தில் ஊறிய விஸ்கியை மொத்தமாக இறக்குமதி செய்து இங்கே பாட்டிலில் அடைப்பதால், பாட்டிலாகவே வரும் ஸ்காட்சைவிட விலை குறையும். உள்ளே இருப்பது குறைந்தது 3 ஆண்டு ஊறிய நிஜமான விஸ்கி.

அதற்குக் கீழே, இந்தியத் தானிய ஸ்பிரிட்டோடு ஸ்காட்ச் மால்ட் கலந்த ராயல் ஸ்டாக், பிளெண்டர்ஸ் பிரைட் வகைகள். சோடா ஊற்றிக் குடிப்பவருக்கு இது போதும். கோலா ஊற்றப் போகிறவர் ஸ்காட்சுக்குச் செலவு செய்வதில் அர்த்தமே இல்லை. மேலே போனால் பெங்களூரு அம்ருத், கோவா பால் ஜான் போன்ற சிங்கிள் மால்ட்கள். முழுக்க பார்லி மால்ட், உலகத் தரம், ஆனால் பட்ஜெட் இல்லை. அதற்கு வெயிலும் ஒரு காரணம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூருவில் 10 சதவீதத்துக்கு மேல். சீக்கிரம் ஊறுகிறது, சீக்கிரம் காணாமலும் போகிறது.

இன்னொரு வழி, விஸ்கி பிடிவாதத்தை விடுவது. மொலாசஸ்தான் பிறப்பிடம் என்றால் அது ரம்முக்குப் பொருத்தமான பிறப்பிடம். விலை குறைந்த ரம், விலை குறைந்த விஸ்கியைவிட நேர்மையான சரக்கு.

விஸ்கி கிடக்கட்டும், பீரில் இந்த மலைக்குப் பழைய பேர் உண்டு. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கியபோது, அதில் ஒன்று நீலகிரியின் பெயரிலேயே இருந்தது.

‘மிலிட்டரி சரக்கு வேணுமா?’

வெலிங்டனில் ராணுவ மையம் இருப்பதால் குன்னூர் பக்கம் இந்தக் கேள்வி காதில் விழலாம். கேன்டீன் மது வரிச்சலுகையில் படையினருக்கும் முன்னாள் படையினருக்கும் தரப்படுவது. வெளியாள் வாங்குவது சட்டப்படி குற்றம், பாட்டிலில் இருப்பது அசல்தானா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கூடலூர் வழியாகக் கர்நாடகச் சரக்கை அனுமதியில்லாமல் ஏற்றி வருவதும் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிவிடும்.

கடை மூடிய பிறகு ‘சந்துக்கடை’யில் சீல் உடைந்த பாட்டிலை வாங்குவது இதைவிட மோசம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மெத்தனாலை மோந்து பார்த்தோ, உள்ளங்கையில் தேய்த்தோ, தீ வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. பார்வை மங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

‘குளிருக்கு இதமா ஒரு பெக்’ என்பதும் பாதிதான் உண்மை. மது தோலுக்கு அருகே உள்ள ரத்தக்குழாய்களை விரிப்பதால் சூடாகத் தெரியும். உண்மையில் உடல் வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஜனவரி உறைபனியில் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடிப்பவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருப்பது நல்லது. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். காரோட்டப் போகிறவருக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எந்த பாட்டிலும் பொருந்தாது.

பில்லில் அந்த 10 ரூபாய்?

நீலகிரி டாஸ்மாக்கில் எம்ஆர்பிக்கு மேல் 10 ரூபாய் கேட்டால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். அது பாட்டிலுக்கான முன்பணம். காட்டிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானை உள்ளிட்ட விலங்குகளின் காலைக் கிழிப்பதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்றத் தலையீட்டால் 2022 மே மாதம் இங்கேதான் இந்தத் திட்டம் முதலில் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களின் காலுக்கும் அந்தக் கண்ணாடி அதே கண்ணாடிதான்.

காலி பாட்டிலை ஸ்டிக்கர் கிழியாமல் கடையில் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் ரூமிலேயே விட்டுவிட்டு வந்தால், அந்தக் காசு ரூம் பாய்க்கு.