யாரை எந்தச் சிறையில் வைப்பது?

சென்னை புழலில், அம்பத்தூர் செல்லும் சாலையில், சிறைத்துறை 2023-இல் திறந்த பெட்ரோல் பங்க் ஒன்று இருக்கிறது. வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுவதும் பணத்தை எண்ணி வாங்கி மீதியைக் கொடுப்பதும் புழல் பெண்கள் சிறையின் தண்டனைக் கைதிகள். பொதுச் சாலையோரத்தில், முன்பின் தெரியாத மனிதர்களோடு பேசிப் பழகி வேலை பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் உயர்ந்த மதிலுக்குள் திரும்பிவிட வேண்டும். பகலில் கல்லாப் பணத்தை நம்பி ஒப்படைக்கிற அரசு, இரவில் அதே பெண்ணை எதற்காக அஞ்சுகிறது?

தமிழ்நாட்டில் சிறை என்பது ஒரே வகைக் கட்டடம் அல்ல. புழலில் இரண்டு, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை என ஒன்பது மத்தியச் சிறைகள் இருக்கின்றன. நீண்ட தண்டனை பெற்றவர்கள் இங்கேதான். இவற்றுக்குக் கீழே மாவட்டச் சிறைகளும், சிற்றூர்வாசிகள் ‘சப் ஜெயில்’ என்று சொல்லும் கிளைச் சிறைகளும். பெண்களுக்குத் தனிச் சிறைகள் உண்டு. 21 வயதுக்குள் இருக்கும் இளைஞர்களுக்காக 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பார்ஸ்டல் பள்ளிகள் உண்டு. கோவை சிங்காநல்லூர், சேலம், சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பு ஆகிய இடங்களில் கைதிகள் பயிர் செய்து வாழும் திறந்தவெளிச் சிறைகளும் இருக்கின்றன. வகைகளுக்குக் குறைவில்லை. எந்த மனிதரை எந்த வகையில் சேர்ப்பது என்ற முடிவில்தான் கோளாறு.

அந்த முடிவு உயிர் சம்பந்தப்பட்டது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கொடூரமாகத் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் மருத்துவமனை. சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். காவல் நிலையத்திலிருந்து வருகிறவரை முதலில் பார்ப்பது பெரும்பாலும் கிளைச் சிறையின் வாசல்தான். அந்த வாசலில் ஒரு மருத்துவர் நிற்க வேண்டும். காயத்தோடு வருபவரை உள்ளே எடுக்க மாட்டேன் என்று சொல்லும் துணிவு சிறை அலுவலருக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் உறுதிசெய்யாமல் எத்தனை சிறைகளைக் கட்டினாலும் பயனில்லை.

பிரித்து வைப்பதில் இன்னொரு அநீதியும் நடந்திருக்கிறது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனியே வைத்ததை, மோதலைத் தடுக்கும் ஏற்பாடு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் அந்த வாதத்தை நிராகரித்தது. சிறைகளில் சாதிப் பாகுபாட்டுக்கு இடம் தரும் விதிகளையே செல்லாது என்றது. பிறப்பைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒரு கைதியின் நடத்தையைப் பார்த்து, அவர் பரோலில் போய்ச் சொன்ன நாளில் திரும்பி வந்ததைப் பார்த்துப் பிரிக்கத் தெரியாதா?

தெரியும் என்பதற்குத் திறந்தவெளிச் சிறைகளே சாட்சி. ஆனால் அவை இன்றும் ஓர் ஓரத்து ஏற்பாடாகவே இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டின் தேசியக் கணக்குப்படி நாட்டிலுள்ள 1,330 சிறைகளில் திறந்தவெளிச் சிறைகள் 91தான். அவற்றிலும் பெரும்பங்கு ராஜஸ்தானிலும் மகாராஷ்டிரத்திலும் இருக்கிறது.

ராஜஸ்தானின் சாங்கானேர் சிறை ஜெய்ப்பூரை ஒட்டி 1963 முதல் இயங்குகிறது. ஆளுநராக இருந்த சம்பூர்ணானந்தின் பெயரைத் தாங்கியது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள்கூட அங்கே மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். காலையில் நகரத்துக்குள் வேலைக்குப் போகிறார்கள், மாலையில் வருகைப் பதிவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அரசு சோறு போடுவதில்லை. சம்பாதித்துத்தான் சாப்பிட வேண்டும். மாநில அரசு அந்த நிலத்தில் ஒரு பகுதியை எடுக்க முனைந்தபோது, 2024-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. கேரளத்தின் நெட்டுகால்தேரியில் கைதிகள் ரப்பர் பயிரிடுகிறார்கள். புணேயின் எரவாடாவிலும் திருவனந்தபுரத்தின் பூஜப்புராவிலும் பெண்களுக்கென்றே திறந்தவெளிச் சிறைகள் வந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகின்றன.

இடநெருக்கடிக்குத் திறந்தவெளிச் சிறை ஒரு தீர்வு என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுவதும் பார்த்தால் அது சரி: 4,36,266 பேருக்கான இடத்தில் 2022 இறுதியில் 5,73,220 பேர் இருந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டுச் சிறைகளில் கொள்ளளவைவிடக் கைதிகள் குறைவு. ‘நமக்கு எதற்கு’ என்ற மெத்தனம் இதனால் வந்திருக்குமானால், அது பிழையான கணக்கு. சிறையில் இடம் இருக்கிறது என்பதற்காக ஒரு மனிதரை மதிலுக்குள் வைத்திருக்கக் கூடாது. பதினான்கு ஆண்டு உள்ளே இருந்துவிட்டு வெளியே வருபவருக்குப் பேருந்துக் கட்டணம் தெரியாது, செல்போனில் பணம் செலுத்தத் தெரியாது, வளர்ந்துவிட்ட பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தெரியாது. விடுதலைக்கு முந்தைய ஆண்டுகளைத் திறந்தவெளியில் கழித்தவர் இந்தத் திகைப்போடு ஊர் திரும்ப மாட்டார்.

தப்பி ஓடிவிடுவார்களே என்பது வழக்கமான ஆட்சேபம். பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன நினைக்கும் என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீதிமன்றம் விதித்த தண்டனை சுதந்திரத்தை இழப்பது. திறந்தவெளிச் சிறையிலும் அந்த இழப்பு தொடர்கிறது: விரும்பிய இடத்துக்குப் போக முடியாது, எல்லையைத் தாண்டினால் மீண்டும் மத்தியச் சிறைதான். பல ஆண்டு தண்டனையை அனுபவித்து, நன்னடத்தையை நிரூபித்து, தேர்வுக் குழுவின் பார்வையையும் கடந்து வருபவர்களே அங்கே போகிறார்கள். தப்பினால் இழக்கப்போவது என்ன என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது.

பெண்களின் நிலையை அரசு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் சிறைகள் சில நகரங்களில் மட்டுமே இருப்பதால், ‘மனு பார்க்க’, அதாவது கைதியைச் சந்திக்க, வரும் தாயும் பிள்ளைகளும் பல மாவட்டங்களைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது; செலவுக்கு அஞ்சி வராமலே நின்றுவிடுகிறவர்கள் பலர். ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். அந்தக் குழந்தை முதலில் பார்க்கும் உலகம் கம்பிக் கதவும் காக்கிச் சட்டையுமாக இருப்பது எந்தச் சட்டமும் விதிக்காத தண்டனை.

சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. திறந்தவெளிச் சிறைக்கான தகுதி விதிகளைத் தளர்த்துவதும், சாங்கானேரைப் போலக் குடும்பத்தோடு வாழ வழிசெய்வதும், பெண்களுக்கெனத் தனித் திறந்தவெளிச் சிறை அமைப்பதும், ஒவ்வொரு கிளைச் சிறை வாசலிலும் மருத்துவப் பரிசோதனையை உறுதிசெய்வதும் தமிழ்நாடு அரசு தானே எடுக்கக்கூடிய முடிவுகள். சட்டமன்றத்தில் சிறைத்துறை மானியக் கோரிக்கை அடுத்த முறை வரும்போது, இவற்றுக்கான அறிவிப்பும் நிதி ஒதுக்கீடும் அதில் இடம்பெற வேண்டும்.