பத்திரத்தில் விடுபடும் ஒரு வரி

வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டிலேயே ஒருவேளைச் சோற்றுக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் கேட்பது ஒன்றுதான்: கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

முடியும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதற்கு வழிசெய்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான். நம்மூர் செட்டில்மென்ட் பத்திரங்கள் பெரும்பாலும் 'அன்பின் பேரில்' என்பதோடு நின்றுவிடுகின்றன. நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவருக்குச் சொத்தைத் திருப்பித் தரச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். பராமரிப்பதாக மகன் தனியாக எழுதித் தந்த உறுதிமொழி அந்தத் தாய்க்குக் கைகொடுத்தது. இரண்டு மாதங்களில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், நாகப்பட்டினத்து வழக்கொன்றில், அன்பே மறைமுக நிபந்தனைதான் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் தள்ளாத வயதில் உயர் நீதிமன்றம்வரை நடக்க எத்தனை பேரால் முடியும்?

பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லி, பதிவு நாளன்று பெரியவரைத் தனியே அழைத்துக் கேட்பதைச் சார்பதிவாளர் அலுவலகங்கள் கட்டாயமாக்க வேண்டும். தீர்ப்பாயம் வழங்கும் மாதப் பராமரிப்புத் தொகைக்கான 10,000 ரூபாய் உச்சவரம்பும் உயர வேண்டும். இன்று மருந்துக்கே அது போதாது.

உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.