பரிசினும் பெரிது

பெண் விஞ்ஞானி என்றதும் பேச்சுப் போட்டிகளில் நாம் நோபல் பரிசைத்தான் முழங்குகிறோம். ரோசலின் யாலோ அம்மையாருக்கும் 1977-இல் அது கிடைத்தது. ஆனால் நாம் மெச்ச வேண்டியது வேறொன்று.

கணையம் சுரக்கும் இன்சுலின் இரத்தத்தில் மிகச் சொற்பம். அதை நுட்பமாக அளக்க முன்பு வழியில்லை. நியூயார்க்கில் அம்மையாரும் டாக்டர் சாலமன் பெர்சனும் கினிப்பன்றியின் இரத்தத்தில் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு அதை அளந்து, 1960-இல் முறையை விரிவாக வெளியிட்டனர். இன்சுலினைத் தேடிப் பற்றும் அந்த எதிர்ப்பொருளுக்காக, கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினும் நோயாளியின் இன்சுலினும் போட்டியிடும். நோயாளியினது மிகுந்தால் மற்றது ஒதுங்கும். ஒதுங்கிய அளவே கணக்கு. (எல்லாம் சோதனைக் குழாயில்தான், நோயாளி அஞ்ச வேண்டாம்!)

இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். இருவரும் வேண்டாமென்றனர், கற்க வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். பரிசினும் இதுவே பெரிது என்போம். பரிசை மட்டும் முழங்கினால், 1972-இலேயே மறைந்துவிட்ட பெர்சனின் பெயரும் விடுபட்டுப்போகிறதே!