முதல் ஆர்டர் ஆப்புல வரட்டும், இரண்டாவது ஆர்டர் எங்கே வருது?



போன ஞாயிற்றுக்கிழமை அவிநாசிபாளையம் போயிருந்தேன். திருப்பூரிலிருந்து தாராபுரம் ரோட்டுல போனா, கோவை - திருச்சி நெடுஞ்சாலையைத் தொடுற இடத்துல இருக்கிற ஊர். (அவிநாசி வேற, அவிநாசிபாளையம் வேற. வெளியூர் கூரியர்காரங்க இன்னமும் குழம்புறாங்க.) பெரியப்பா வீடு அங்கதான். வீட்டை ஒட்டி ஒரு ஷெட், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 14 மிஷின். ரொம்ப வருஷமா ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க். இப்ப ரெண்டு வருஷமா சொந்த லேபிள்ல குழந்தைகள் டி-ஷர்ட் தைச்சு, ஆன்லைன் ஆப்புலயும் விக்கறார்.

அவர் பையனுக்கு கோவையில ஐடி வேலை. உங்கள்ல நிறைய பேர் மாதிரிதான், மாசச் சம்பளம், ஒரு எஸ்ஐபி, ஒரு பைக் லோன். இந்த வருஷம் போனஸ் 80,000 ரூபாய் கைக்கு வந்திருக்கு. "அண்ணா, இதை எஸ்ஐபி-ல போடறதா, இல்ல அப்பாவுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுக்கறதா?"ன்னு கேட்டான். ஒரு கம்பெனி 75,000 ரூபாய்க்கு கொட்டேஷன் குடுத்திருக்கு.

வெப்சைட் வேணும், ஆனா 75,000 வேண்டாம்னு சொன்னேன். அவன் நினைக்கிற காரணத்துக்காக வேண்டவே வேண்டாம்னும் சொன்னேன்.

அவன் நினைச்ச காரணம் என்னன்னா, வெப்சைட் போட்டா புது கஸ்டமர் வருவாங்க. வர மாட்டாங்க. பேர் தெரியாத ஒரு தளத்துல யாரும் தானா வந்து கார்டு நம்பர் குடுக்கறதில்ல. விளம்பரம் போட்டுத்தான் கூட்டிட்டு வரணும். அப்புறம் எதுக்கு வெப்சைட்? பெரியப்பா வாயாலயே பதில் வந்துச்சு.

போன வருஷம் ஒரு ஆப்புல அவரோட கணக்கை திடீர்னு நிறுத்தி வெச்சுட்டாங்க. ஏதோ போட்டோ பிரச்சினையாம். திரும்பத் திறக்க மூணு வாரம் ஆச்சு. தைச்ச சரக்கு அட்டைப்பெட்டியில அப்படியே கிடந்துச்சு. "அதுவரைக்கும் எத்தனை பேர் வாங்கியிருப்பாங்க பெரியப்பா?"ன்னு கேட்டேன். "அறுநூறு பேருக்கு மேல இருக்கும் சாமி." "அதுல எத்தனை பேரோட போன் நம்பர் உங்ககிட்ட இருக்கு?" அவர் சிரிச்சார். ஒண்ணுகூட இல்ல.

இதுதாங்க விஷயம். துணி நம்மளோடது, தையல் நம்மளோடது, ரிட்டர்ன் வந்தா நஷ்டமும் நம்மளோடது. வாங்கினவர் மட்டும் ஆப்போட ஆள். ஒரே பார்ட்டியை நம்பி ஜாப் ஒர்க் பண்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? 2025 ஆகஸ்ட் 27-லருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப, அந்த ஊர் ஆர்டரை மட்டுமே நம்பியிருந்த யூனிட்கள் என்ன பாடு பட்டுச்சுன்னு திருப்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

"இன்ஸ்டாகிராம் பேஜ் இருக்கே, அது போதாதா?"ன்னு தம்பி கேட்டான். 2020 ஜூன் 29 அன்னிக்கு மத்திய அரசு 59 ஆப்களைத் தடை பண்ணுச்சு, அதுல டிக்டாக்கும் ஒண்ணு. லட்சக்கணக்குல ஃபாலோயர் வெச்சிருந்தவங்களுக்கு அது அத்தனையும் கையை விட்டுப் போச்சு. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சேர்ந்து ஆறு மணி நேரம் படுத்துடுச்சு. சரி, அதெல்லாம் எப்பவோ ஒரு தடவை நடக்கறதுன்னு விட்டுடலாம்.

எனக்கு உறுத்துறது இன்னொரு சம்பவம். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல சின்னக் கடைக்காரங்களுக்கு இலவசமா ஒரு வெப்சைட் பண்ணிக்கிற வசதி இருந்துச்சு. பத்து நிமிஷ வேலை, காசே இல்ல. அந்த முகவரியை விசிட்டிங் கார்டுல அச்சடிச்சு, கடை போர்டுலயும் எழுதி வெச்சவங்களை நானே பார்த்திருக்கேன். 2024 மார்ச்ல கூகுள் அந்த வெப்சைட் எல்லாத்தையும் மூடிடுச்சு. ஜூன் 10 வரைக்கும் அந்த முகவரிக்குப் போறவங்களை ப்ரொஃபைலுக்குத் திருப்பி விட்டாங்க, அதோட சரி. கார்டுல மை அழியல, முகவரி செத்துப் போச்சு. சொந்தமா டொமைன் வாங்கி வெச்சிருந்தவங்க தளத்தை வேற இடத்துக்கு மாத்திக்கிட்டாங்க. முகவரி அப்படியே இருந்துச்சு.

இப்ப கணக்குக்கு வருவோம். இது புரியறதுக்காக நான் போட்ட உதாரணம், உங்க சரக்குக்கு உங்க எண்ணைப் போட்டுக்குங்க. ஜிஎஸ்டி, ரிட்டர்ன் ரெண்டையும் இப்போதைக்கு ஓரமா வைப்போம்.

ஒரு செட் விலை 450 ரூபாய். தைச்சு முடிக்க 260. ஆப்புல வித்தா ஷிப்பிங், கட்டணம், உள்ளேயே போடற விளம்பரம் எல்லாம் சேர்த்து 110 போகுதுன்னு வைங்க, மிச்சம் 80. (மீஷோ 2021-லயே கமிஷனை பூஜ்ஜியம் ஆக்கிடுச்சு. அமேசானும் 2025 ஏப்ரல்ல 300 ரூபாய்க்குக் கீழ உள்ள நிறைய பொருளுக்கு ரெஃபரல் கட்டணத்தை எடுத்துடுச்சு. அதனால கமிஷனை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, ஷிப்பிங்கும் விளம்பரமும்தான் தின்னும்.) அதே செட்டை சொந்த தளத்துல ஒரு புது ஆளுக்கு விக்க விளம்பரம் 200, கூரியர் 60, பேமென்ட் கேட்வேக்கு 10. மொத்தத்துல 80 ரூபாய் நஷ்டம்! ஆனா அதே ஆள் இரண்டாவது தடவை வரும்போது விளம்பரச் செலவு கிடையாது. மிச்சம் 120.

முதல் ஆர்டருக்கு ஆப்தான் சரி. வெப்சைட்டோட வேலையே இரண்டாவது ஆர்டர்லதான் ஆரம்பிக்குது. குழந்தைகள் துணியில இது ரொம்பப் பொருந்தும். நாலு வயசு சைஸ் வாங்கின அம்மாவுக்கு அடுத்த வருஷம் அஞ்சு வயசு சைஸ் கண்டிப்பா வேணும். கேட்டு, சம்மதத்தோட வாங்கி வெச்ச நம்பர் இருந்தா, தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும்.

தளத்துக்கு வருஷம் 12,000 ரூபாய் செலவுன்னா, எத்தனை திரும்ப வர்ற ஆர்டர் வேணும்? வேற எங்கயோ போயிருக்க வேண்டிய ஆளைப் பிடிச்சீங்கன்னா 120 முழுசும் லாபம், வருஷம் 100 ஆர்டர்ல போட்ட காசு வந்துடும். எப்படியும் ஆப்புல வாங்கியிருப்பார்னா மிச்சம் 40 தான், அப்ப 300 ஆர்டர் வேணும். இந்த ரெண்டு எண்ணுல சின்னதைக்கூட எட்ட முடியாதுன்னு தோணினா ஆன்லைன் ஸ்டோர் கட்டாதீங்க. ஒரே ஒரு பக்கம், நாலு நல்ல போட்டோ, முகவரி, ஜிஎஸ்டி நம்பர், ஒரு வாட்ஸ்அப் பட்டன். டொமைனுக்கு பெரும்பாலும் வருஷம் ஆயிரம் ரூபாய் சுத்துல முடியும். ஈரோட்டுல இருக்கிற ஜவுளிக்கடைக்காரரோ, மலேசியாவுல கடை வெச்சிருக்கிற தமிழரோ உங்க பேரைத் தேடும்போது, 14 மிஷின் ஓடற ஷெட்டோட போட்டோ கண்ணுல பட்டாலே பாதி நம்பிக்கை வந்துடும். என்னைக் கேட்டா, ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு கார்ட் பட்டனைவிட இது பெருசு.

ஆப்புல வாங்கினவங்களை தளத்துக்கு இழுக்க, பார்சலுக்குள்ள துண்டுச்சீட்டு போடற வேலை மட்டும் வேண்டாம். அமேசான் மாதிரி தளங்கள்ல இதுக்கு அனுமதி கிடையாது, கணக்கே போயிடும். கழுத்து லேபிள்ல பிராண்டு பேர் தெளிவா இருக்கட்டும். துணி பிடிச்சுப்போய் அந்தப் பேரைத் தேடறவங்களுக்கு கூகுள்ல நீங்க கிடைக்கணும், அவ்வளவுதான். அதனால பேரை முடிவு பண்றதுக்கு முன்னாடி டிரேட்மார்க் தளத்துல 25-ஆம் வகுப்புல தேடிப் பாருங்க, ஆயத்த ஆடைகள் அதுலதான் வரும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன்ல விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 4,500 ரூபாய்.

ஜிஎஸ்டியிலும் ஒரு வித்தியாசம் இருக்கு. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் சொந்த தளத்துல சரக்கு வித்தா, வருஷம் 40 லட்சம் விற்பனை வரைக்கும் பொதுவா பதிவு கட்டாயமில்ல. பெங்களூருக்கு ஒரு டி-ஷர்ட் அனுப்பினாலும் பதிவு வேணும். பெரியப்பா ஏற்கனவே பதிவு பண்ணியிருக்கிறதால அவருக்கு இந்தத் தலைவலி இல்ல.

இனி நான் பட்ட அடி. என்னோட முதல் டொமைனை போட்டுக் குடுத்தவர் அவர் ஈமெயில்லயே பதிவு பண்ணிட்டார். ரெனியூவல் மெயில் அவருக்குத்தான் போச்சு, அவர் பார்க்கல. ஒரு நாள் காலையில தளமே இல்ல. திரும்ப வாங்க நான் அலைஞ்சது தனிக் கதை. டொமைன் உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல, உங்க போன் நம்பர்ல இருக்கணும். டிசைன் யார் வேணா பண்ணட்டும். முதல் வருஷம் 99 ரூபாய்னு போட்டிருந்தா, இரண்டாவது வருஷ ரேட்டைப் பார்த்துட்டு வாங்குங்க.

தம்பி அந்த 75,000 கொட்டேஷனை ஓரம் கட்டிட்டான். அன்னிக்கு சாயங்காலமே திண்ணையில உக்காந்து டொமைன் வாங்கினோம், பெரியப்பா ஈமெயில்ல. ஓடிபி வந்தப்ப கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு எண்ணா அவரே வாசிச்சார். 15,000 ரூபாயை தளத்துக்கும் டிரேட்மார்க்குக்கும்னு தனியா எடுத்து வெச்சிருக்கான். 65,000 எஸ்ஐபி பக்கம் போகுது. அடுத்த தீபாவளிக்குள்ள திரும்ப வர்ற ஆர்டர் நூறைத் தொடலைன்னா ஸ்டோரை மூடிட்டு ஒரு பக்கத் தளமா மாத்திடணும்னு பேச்சு. எத்தனை வந்துச்சுன்னு அப்ப உங்களுக்குக் கணக்கோட சொல்றேன்.