சாஞ்சு ஒக்காந்து படிப்போம்

சேரிக்குள்ள படிப்பகம் வேணும்னு சொன்னால் யாரும் மறுப்பதில்லை. நாலு புத்தகம், ஒரு பாய், தலைவர் படம் என்றால் கைதட்டுகிறார்கள். 'முதுகு சாய நாற்காலி வேணும், நல்ல வெளக்கு வேணும், சன்னலுக்குத் திரை வேணும், செவுத்துக்கு நல்ல வண்ணம் வேணும்' என்று அடுத்த வரியைச் சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. 'போராட வேண்டிய சனத்துக்குச் சொகுசு எதுக்குப்பா?' இதைக் கேட்பவர்களில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் மட்டும் இல்லை. நம்ம தோழர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

இந்த நாட்டில் ஒக்காருவது எப்போது வெறுமனே ஒக்காருவதாக இருந்திருக்கிறது? சதாராவில் பள்ளிக்கூடம் போன சிறுவன் அம்பேத்கர், தான் ஒக்காரும் சாக்குத் துணியைத் தானே வீட்டிலிருந்து கொண்டுபோய், தனியாக ஒரு மூலையில் விரிக்க வேண்டியிருந்தது. 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில், தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த மாடிக்கூடத்தில், சில அங்குலத்துக்கு மேல் வெளிச்சம் எட்டாத அரிக்கேன் வெளக்கை வைத்துக்கொண்டு, வௌவால் சத்தத்துக்கு நடுவே படித்தார். பதினோராம் நாள் தடிக்கம்போடு வந்து விரட்டினார்கள். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் நம்ம சனத்தைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் ஒக்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் ஒக்காந்திருந்த படத்தை நாடே பார்த்தது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவருக்கே நாற்காலி இல்லை. அப்புறம் நாற்காலியைச் சொகுசு என்று எந்த வாயால் சொல்வது?

எங்கள் பழனி மலைக்கு வாருங்கள். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1875இல் கோடைரோடு வரைக்கும் ரயில் வந்தது. மோட்டார் போகிற மலைப்பாதை திறந்தது 1914இல்தான். அதுவரைக்கும் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து துரைமாரையும் துரைசானிமாரையும் நாற்காலியிலும் டோலியிலும் ஒக்கார வைத்துத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அந்தப் பாதைக்குப் பெயரே கூலி காட். துரை ஏறினால் பெட்டி ஏறும், புத்தகம் ஏறும், சாய்வு நாற்காலி ஏறும். எல்லாம் மனுசத் தலையிலும் தோளிலும்தான். 1887இல் கிளப் வந்தது. ஏரியைப் பார்த்துக் கணப்போரம் சாஞ்சு படிக்கிற சுகம் இந்த மலையில் இப்படித்தான் உண்டானது. சுமந்தவனுக்கு இறக்கி வைக்க மட்டும்தான் உரிமை.

எங்க அம்மா கீழ்மலைக் காப்பித் தோட்டத்தில் பழம் எடுத்தவள். சீசன் இல்லாத நாளில் பங்களாவில் தூசி தட்டப் போவாள். அங்கே ஒரு புத்தக அறை உண்டு. 'ஒவ்வொரு பொஸ்தகத்தையும் எறக்கித் தொடைச்சு, எடம் மாறாம வைக்கணும். ஒண்ணையும் விரிச்சது இல்லய்யா' என்பாள். நாற்காலியைத் தொடைத்தவள் அதில் ஒருநாளும் ஒக்காந்ததில்லை. இன்றைக்கு அந்த மாதிரி பங்களாக்கள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. வாசிப்பு மூலை என்று அழகு செய்து, நம்ம பெண்கள் முதுகில் சுமந்த பழக்கூடையைச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். கூடை அலங்காரம் ஆகிவிட்டது. கூடை சுமந்தவள் பிள்ளை படிக்க இடம் எங்கே?

ஒடனே தெருவெளக்குக் கதையை எடுப்பார்கள். நீதிபதி முத்துசாமி ஐயர் தெருவெளக்கில் படித்துத்தான் உயர்ந்தாராம். கதை நல்லாத்தான் இருக்கு. அந்தத் தெருவில் போய் ஒக்கார நம்மை விட்டார்களா? வறுமையைப் பெருமையாகப் பேசுவது வறுமை இல்லாதவன் வேலை. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் பனி எறங்கினால் நாலு மணிக்கே இருட்டு. தொகுப்பு வீட்டில் ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே டிவி. தரையிலிருந்து குளிர் ஏறிக் கால் மரத்துப் போகும். இந்த நிலையில் படிக்கிறவனைப் பாராட்டுவதை விட, இந்த நிலையை ஒழிப்பதே மரியாதை.

பொம்பளப் பிள்ளைக்கு அதுகூட இல்லை. எழுத நினைக்கும் பெண்ணுக்குத் தனி அறையும் வருசத்துக்கு 500 பவுன் பணமும் வேணும் என்று 1929இல் வர்ஜீனியா உல்ஃப் எழுதினார். எங்க பிள்ளை புத்தகத்தை விரித்தால் 'தண்ணி எடுத்துட்டு வா' என்று குரல் வரும். நம்ம ஆம்பளைங்க குரல்தான் அது. படிப்பகத்தில் கேரம் போர்டுக்கு எடம் இருக்கு, அவளுக்கு இல்லை.

ஆகவே எப்படி இருக்க வேணும் என்று சொல்கிறேன். தரைக்கு மேல் பலகை அடிச்சு, மேலே ஜமுக்காளம். முதுகு சாயப் பெஞ்சு, சின்னப் பிள்ளைக்குக் கால் தரையில் படுகிற உயரத்தில் தனிப் பெஞ்சு. வெயில் வருகிற கிழக்கே சன்னல். எழுதும் கை நிழல் தாளில் விழாதபடி இடப்பக்கம் வெளக்கு. மலை ஈரத்தில் புத்தகம் பூஞ்சை பிடிக்கும். அதனால் அலமாரி சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும், வெயில் நாளில் திறந்து போடுங்கள். நாலு கம்பளி மடித்து வைத்திருங்கள். பொம்பளைகளுக்குச் சாயந்திரம் தனி நேரம், பக்கத்திலேயே கழிப்பறை. சுவரில் அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், சாவித்திரிபாய். படிக்கிறவர் கண்ணுக்கு நேராக மாட்டுங்கள். மாலை போட்டுக் கூரைக்குக் கீழே ஏத்திவிட்டால் சாமிப் படம் ஆகிவிடும்.

அம்பேத்கர் மும்பை தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது புத்தகங்களுக்காகவே கட்டினார். சாக்குத் துணியில் ஒக்காந்த மனிதர் அவர். சாக்குத் துணியே போதும் என்று அவர் நமக்குச் சொல்லவில்லை.

இதற்குப் பிச்சை கேட்கவும் வேண்டாம். சென்னை பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். சேரி வீட்டுக்கும் அந்த வரி உண்டு. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். எங்க பக்கத்தில் அது ஊருக்குள்ளே நிற்கிறது, பூட்டோடு. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கு அழகான தனிப் பகுதி இருக்கிறது. அரசாங்கத்துக்கு எப்படிச் செய்வதென்று தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த மனசு மலை ஏறி, காலனிக்குள் வர வேண்டும்.

தோழர்களே, அடுத்த கிராமசபையில் ரோடு, தண்ணியோடு இதையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். கட்டடம் என்று மட்டும் எழுதாதீர்கள். இத்தனை நாற்காலி, இத்தனை வெளக்கு, இத்தனை கம்பளி, சாவி காலனிக்காரர் கையில் என்று எண்ணி எழுதுங்கள்.