197 எங்கே?

நேரு வீதியில் கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும். மாதிரிக்கு ஒரு துணியைக் காட்டிவிட்டு வேறொன்றைக் கட்டிக் கொடுத்தால் அது மோசடி. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது.

நம் ராணுவத்தின் சேத்தக் ஹெலிகாப்டர் பிரெஞ்சு வடிவமைப்பு. உரிமம் வாங்கியது 1962-ல். பிரான்ஸ் நம் புதுவையைச் சட்டப்படி ஒப்படைத்ததும் அதே ஆண்டுதான்! சீட்டாவும் பிரெஞ்சுச் சரக்கே. முதுமை தட்டிய இவற்றுக்குப் பதிலாக 197 புதியவை வாங்க டெண்டர் விட்டார்கள். யூரோகாப்டரின் ஃபெனெக் தேர்வானது. சோதனையில் பறந்தது ராணுவ வகையல்ல, சிவில் வகை என்று புகார் கிளம்பியது. கிளப்பியது போட்டியில் தோற்ற அமெரிக்க பெல் கம்பெனி. அதற்கும் லாபக் கணக்குத்தான்! 2007 டிசம்பரில் டெண்டர் ரத்து.

மறு டெண்டர் போட்டார்கள். 2014 ஆகஸ்டில் அதுவும் ரத்து. 2015-ல் ரஷ்யாவின் காமோவ் 200 என்று மாஸ்கோவில் கையெழுத்திட்டார்கள். அதுவும் பேச்சுவார்த்தையிலேயே முடங்கியது. முதல் ரத்து காங்கிரஸ் ஆட்சியில், இரண்டாவது பா.ஜ.க. ஆட்சியில். இத்தனை ஆண்டுகளும் சியாச்சின் பனியில் பழைய சீட்டாவை ஓட்டியவன் ஏழை வீட்டுப் பிள்ளை, நடுத்தர வீட்டுப் பிள்ளை. டெல்லியில் கோப்பைத் தள்ளியவர்களின் தேசபக்தியை யாராவது சந்தேகித்தார்களா?

இளைஞனே! உன் தாடியையும் தொப்பியையும் பார்த்து தேசபக்திக்குச் சான்றிதழ் கேட்பவர் வந்தால் கோபப்படாதே. உட்காரவைத்து தேநீர் கொடு. "ஐயா, அந்த 197 எங்கே?" என்று கேள்.